ஐந்து நிமிடம் நாற்பது வினாடி

சம்பந்தத்துக்கு முதல் சந்தேகம் ஸ்கூட்டர் மீட்டரிலிருந்து வந்தது.

ஹைதராபாத்தில் சைனிக்புரி வீட்டிலிருந்து மாரெட்பள்ளியில் மகள் ரோகிணி குத்துச்சண்டை பழகும் இடத்துக்கு எட்டு கிலோமீட்டர். போக வரப் பதினாறு. ஞாயிறு தவிர வாரத்தில் ஆறு நாள், ஆகத் தொண்ணூற்றாறு. கல்லூரிக்கு அவள் பஸ்ஸில்தான் போகிறாள். கடை கண்ணி என்று தாராளமாக நாலைச் சேர்த்தாலும் நூறைத் தாண்டக் கூடாது. ஆனால் மூன்று வாரமாக நூற்று நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. மகளின் வண்டி மீட்டரை வாராவாரம் நோட்டில் குறித்து வைக்கிற தகப்பன் உலகத்தில் உண்டா என்று கேட்காதீர்கள். சைனிக்புரியில் ஒருவர் இருந்தார்.

முப்பத்தோரு வருஷம் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் சம்பந்தம். கண்ணுக்கு முழுசாகத் தெரிகிற வார்ப்பிரும்பைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, ஓசையை வைத்தே உள்ளே விரிசல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். சொன்னது தப்பியதில்லை. அந்தப் பெருமையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேலையை விட்டு வந்த பிறகும் மனுஷன் தட்டுவதை விடவில்லையே! தேங்காயைத் தட்டினார், கேஸ் சிலிண்டரைத் தட்டினார், ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் புதிதாகப் போட்ட கதவைத் தட்டிப் பார்த்து, "உள்ள பூரா தூள்லா இருக்கு" என்று சொல்லி அவர் பகையைச் சம்பாதித்துக்கொண்டார்.

அவருடைய செக்‌ஷனில் எழுதி வைக்காத ஒரு வழக்கம் இருந்தது. வேலை செய்தவனிடம் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் உஷாராகி ஒளித்துவிடுவான். சத்தம் போடாமல் சாம்பிள் எடு, மூன்று சாம்பிள் சேர்ந்த பிறகு மேஜைமேல் வை. அதையே அவர் வீட்டிலும் செய்தார்.

"புள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டாத்தான் என்ன? மீட்டரப் போயி பார்த்துட்டு இருக்கீயளே" என்றாள் மனைவி மங்கையர்க்கரசி.

"கேட்டா சொல்லிருவாளாக்கும்? நீ சும்மா கெட."

இந்தச் சந்தேகத்தின் மூலத்தைச் சொல்ல, போன வருஷ மாநிலப் போட்டிக்குப் போக வேண்டும். ஐம்பத்தேழு கிலோ எடைப் பிரிவின் இறுதி ஆட்டத்தில் ரோகிணி ஷர்மிளா என்ற பெண்ணிடம் தோற்றாள். ஷர்மிளா சனத்நகர்க்காரி. அப்பா அங்கே ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். ரோகிணி முன்னால் வர வர ஷர்மிளா பின்னால் போவாள். ரோகிணியின் குத்து காற்றில் போகிற நேரம் பார்த்து லேசாக ஒன்று வைத்துவிட்டு மறுபடி நழுவுவாள். சுற்றுக்கு மூன்று நிமிடமாக மூன்று சுற்றும் அப்படியே நழுவி, புள்ளியில் ஜெயித்துப் போய்விட்டாள். பார்த்தவர்களில் பாதிப் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். சம்பந்தத்துக்கு வயிறு எரிந்தது.

"இது சண்டையாட்டி? ஓட்டப் பந்தயம்லா!" என்று வழி நெடுக மகளிடம் புலம்பிக்கொண்டு வந்தார்.

புலம்பலோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. அவர் வீட்டுக்கு வந்து, போனில் எடுத்த வீடியோவைப் போட்டு, ஸ்டாப் வாட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்பது நிமிடத்தில் ஷர்மிளா பின்வாங்கிய நேரம் மட்டும் ஐந்து நிமிடம் நாற்பது வினாடி. அதை அட்டவணை போட்டு, நாலு பக்கக் கடிதம் எழுதி, மூன்று இணைப்பு வைத்து, மாநிலக் குத்துச்சண்டை அமைப்புக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். சண்டையைத் தவிர்த்து ஒதுங்கிக்கொண்டே இருப்பது தவறு என்று விதிப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது, அதை ஏன் ஒருவரும் அமல்படுத்துவதில்லை? சண்டைக்கு வந்தவள் சண்டை போட வேண்டாமா? ஐந்து நினைவூட்டல் கடிதம் போனது. ஆறாவது வராமல் இருந்தால் போதும் என்று நினைத்தார்களோ என்னவோ, டிசம்பரில் சுற்றறிக்கை வந்துவிட்டது. ஒதுங்குகிறவர்களுக்கு இரண்டு முறை கண்டிப்பு. மூன்றாவது முறை எச்சரிக்கை, எச்சரிக்கைக்கு ஒரு புள்ளி கழியும்.

சுற்றறிக்கையின் தலைமாட்டில் 'ரெஃபரன்ஸ்' என்ற இடத்தில், திரு. டி. சம்பந்தம் அவர்களின் கடிதம், நாள் இன்னது என்று அச்சடித்திருந்தது. சம்பந்தம் அதை லேமினேட் செய்து ஹாலில் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினார். வீட்டுக்கு வந்தவர்கள் அதைப் படித்த பிறகுதான் காபி குடிக்க முடியும். ரோகிணியும் அன்றைக்கு அதன் முன்னால் நின்று அப்பாவோடு செல்ஃபி எடுத்துக்கொண்டாள். ஜனவரிக்குப் பிறகு அவள் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்புவதே இல்லை. சம்பந்தம் அதையும் கவனித்தார். காரணம் கேட்கவில்லை.

இரண்டாவது சாம்பிள் அடுக்களையில் கிடைத்தது. மார்ச் மாதம், இந்த வருஷப் போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தபோது, சாப்பாட்டு மேஜையில் ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது. உள்ளே கோங்குராப் பச்சடி, அதாவது புளிச்சகீரைத் துவையல். தங்கள் வீட்டு டப்பா அல்ல என்று பார்த்ததுமே தெரிந்தது. தலைகீழாகத் தூக்கிப் பார்த்தார். அடியில் தெலுங்கில் பெயர் வெட்டியிருந்தது: ஜி. பத்மாவதி, சனத்நகர்.

"இது யாரு குடுத்தது?" என்று மங்கையைக் கேட்டார்.

"ரோகிணி கூட்டுக்காரி வீட்டுல குடுத்து விட்டாகளாம். நல்லா இருக்கு, இத்தினி போட்டுக்கிடுங்க."

சனத்நகரில் ரோகிணிக்கு எந்தச் சிநேகிதி? சைனிக்புரியிலிருந்து சனத்நகர் போய்வர நாற்பது கிலோமீட்டர் சுமாருக்கு வரும். மீட்டரில் அதிகமாக இருந்ததும் நாற்பது. சம்பந்தம் அலமாரியைத் திறந்து தன் பழைய கடிதத்தோடு இணைத்திருந்த போட்டியாளர் பட்டியலை எடுத்துப் பார்த்தார். ஷர்மிளா, தாய் பெயர் பத்மாவதி. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவர் அந்தப் பச்சடியைத் தொடவில்லை.

மூன்றாவது சாம்பிள் தானாகவே காதில் வந்து விழுந்தது. போட்டிக்கு நாலு நாள் முன்னால், மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவர், தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் ரோகிணி போனில் பேசுவதைக் கேட்டார். "நேனு கொட்டனு. ப்ராமிஸ்." முப்பது வருஷத்துக்கு மேல் ஹைதராபாத்தில் இருந்தவருக்கு இந்தத் தெலுங்குக்கு அர்த்தம் சொல்ல ஆள் வேண்டாம். நான் அடிக்க மாட்டேன், சத்தியம்.

காய்ந்த துணியை அப்படியே கொடியில் விட்டுவிட்டுக் கீழே வந்தார். இறுதி ஆட்டத்தில் ஜெயிக்கிறவள் தேசியப் போட்டிக்குப் போவாள். தேசியப் போட்டியில் ஆடினால் விளையாட்டுக் கோட்டாவில் மத்திய அரசு வேலைக்கு மனுப் போடலாம். அதை இந்தப் பெண் அந்த ஓட்டக்காரிக்குத் தூக்கிக் கொடுக்கப் போகிறாள். எதற்காக? மிரட்டுகிறார்களா? வசியம் பண்ணிவிட்டார்களா? சின்ன வயதிலிருந்து தன் கையைப் பிடித்துக்கொண்டு ரோடு தாண்டிய பெண் தனக்குத் தெரியாமல் ஒரு ஒப்பந்தம் செய்திருக்கிறாள் என்று நினைக்க நினைக்க அவருக்கு மேல்மூச்சு வாங்கியது. அப்போதும் அவர் அவளைக் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆட்டம். ரோகிணி சிவப்பு மூலை, ஷர்மிளா நீல மூலை. மங்கை வரமாட்டாள். மகள் அடி வாங்குவதையும் பார்க்க முடியாது, அடிப்பதையும் பார்க்க முடியாது என்று வீட்டிலேயே இருந்துவிடுவாள். சம்பந்தம் முன் வரிசையில் ஸ்டாப் வாட்ச்சோடு உட்கார்ந்தார். பழைய ஞாபகத்தில், ஷர்மிளாவுக்காகத்தான் அதை எடுத்து வந்திருந்தார்.

மணி அடித்தது. ஷர்மிளா முன்னால் வந்தாள். பின்வாங்கியது ரோகிணி.

முதலில் இது ஏதோ தந்திரம் என்று சம்பந்தம் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். ஆனால் ரோகிணி கயிற்றோரமாகவே சுற்றிச் சுற்றி வந்தாள். ஷர்மிளா நெருங்கினால் கட்டிப் பிடித்துக்கொண்டாள், விலக்கிவிட்டால் மறுபடி பின்னால் போனாள். நடுவர் ஜெயராம் ஆட்டத்தை நிறுத்தி, தன் இரண்டு முஷ்டிகளையும் ஒன்றோடொன்று முட்டிக் காட்டினார். சண்டை போடு என்று அதற்கு அர்த்தம். முதல் கண்டிப்பு. சம்பந்தத்தின் கட்டைவிரல் தன் பாட்டுக்கு ஸ்டாப் வாட்ச்சை அழுத்திக்கொண்டிருந்தது. சுற்று முடிந்தபோது பார்த்தார். ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. அதைப் பைக்குள் போட்டுவிட்டு, பிறகு எடுக்கவேயில்லை.

இரண்டாம் சுற்றில் இன்னொரு கண்டிப்பு. கொஞ்ச நேரத்தில் மூன்றாவது முறையாக ஜெயராம் நிறுத்தினார். ரோகிணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நாலா பக்கமும் உட்கார்ந்திருந்த தீர்ப்பாளர்களைப் பார்த்து விரலை நீட்டிக் காட்டினார். எச்சரிக்கை. ஒரு புள்ளி போயிற்று. பின் வரிசையில் யாரோ இந்தியில் சொன்னார்கள், "நல்ல ரூல் வந்திருக்கு, இந்த மாதிரி ஓடுறவங்களை இப்படித்தான் பண்ணணும்." போன வருஷம் இதே வார்த்தையைச் சம்பந்தம் நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தார். இப்போது காது மடல் சுட்டது.

மூன்றாம் சுற்றில் ரோகிணி அடித்தாள். விலாவில் அடித்தாள், வயிற்றில் அடித்தாள், வேகமாகவும் சுத்தமாகவும் அடித்தாள். அப்போதுதான் பரிசோதகரின் கண் விழித்துக்கொண்டது. ஷர்மிளாவின் இடது கன்னம் திறந்த கதவு மாதிரி கிடக்கிறது. ரோகிணியின் வலது கைக் குத்துக்கு மாரெட்பள்ளியில் தனிப் பெயரே உண்டு. அந்தக் குத்து ஒரு தடவை கூட வரவில்லை. தலைக்கு ஒன்று கூடப் போகவில்லை. ஷர்மிளாவோ கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறாள். சைகை! இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்ட சைகை!

ஐந்து தீர்ப்பாளர்களில் மூன்று பேர் நீலம் என்றார்கள். அந்த ஒரு புள்ளி கழியாமல் இருந்தால் ரோகிணி ஜெயித்திருப்பாள். ஜெயராம் ஷர்மிளாவின் கையைத் தூக்கியதும் ரோகிணி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ சொன்னாள். ஷர்மிளா அழுதாள். ஜெயித்தவள் எதற்கு அழ வேண்டும்?

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் பயிற்சியாளர் சலீமைச் சம்பந்தம் மடக்கினார். "நீரும் இதுல உடந்தையா?"

"மேரேகு நை மாலூம் சாப்" என்றார் சலீம். தனக்கு ஒன்றும் தெரியாது என்று கையை விரித்தார். அவர் முகத்திலும் கோபம் இருந்தது. "இன்னைக்கு ரோகிணி ஆடினது என் ஆட்டமே இல்ல. கைக்கு, ஏன் இப்படின்னு கேட்டேன். சொல்ல மாட்டேங்குறா. ஆனா ஒண்ணு சாப். பயந்து ஓடுற பொண்ணு விலாவுல அப்படி அடிக்க மாட்டா. அவ எதையோ பாத்துப் பாத்து ஆடினா." போகத் திரும்பியவர் நின்று, "அந்த ஷர்மிளாவும் அவ ஆட்டத்தை ஆடல. கவனிச்சீங்களா?" என்று கேட்டார்.

சம்பந்தம் கவனித்திருந்தார். அவருக்கு அது குற்றத்தின் இன்னொரு பாதியாகத்தான் பட்டது.

சாயங்காலம் நாலு மணிக்கு, ரோகிணி குளித்துவிட்டு ஹாலுக்கு வந்தபோது, சாப்பாட்டு மேஜைமேல் மூன்று பொருள் இருந்தன. மீட்டர் குறித்த நோட்டு. கழுவித் துடைத்த எவர்சில்வர் டப்பா. ஒரு துண்டுக் காகிதத்தில், மாடியில் கேட்ட தெலுங்கு வார்த்தை, தேதியும் நேரமும் போட்டு.

"இப்பம் சொல்லு" என்றார் சம்பந்தம். "யாருக்காவ தோத்த?"

ரோகிணி நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். அவள் அழுவாள் அல்லது கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இத்தனை வாரமா எல்லாம் எழுதி வெச்சிருக்கீங்க. என்னை ஒரு தடவ கேக்கவே இல்லியே அப்பா."

"கேட்டா நீ சொல்லிருப்பியோ?"

"ஹவ், ஆமா. சொல்லிருப்பேன். யார்கிட்டயாவது சொல்லணும்னுதான் இருந்துச்சு."

மங்கை அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். ரோகிணி தனக்கு வசதியான எல்லா மொழிகளிலும் மாறி மாறிச் சொன்னாள். ஜனவரியில் வாரங்கலில் ஒரு போட்டி நடந்தது. புது விதி வந்த பிறகு நடந்த முதல் போட்டி. ரோகிணியும் போயிருந்தாள். ஷர்மிளா தன் வழக்கப்படி நழுவி நழுவி ஆடினாள். இரண்டு கண்டிப்பு வந்துவிட்டது.

"மூணாவது வந்தா பாயிண்ட் போயிரும்னு பயந்துட்டா. நடுவுல நின்னுட்டா. அவளுக்கு நின்னு ஆடிப் பழக்கமே இல்லப்பா. எட்டு வருஷமா ஓடித்தான் ஆடிருக்கா. எதிர்ல இருந்தவ ரைட் ஹேண்ட் விட்டா. இங்க." ரோகிணி தன் இடது நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டினாள். "விழுந்துட்டா. ஆறு எண்ணும்போது எழுந்து, மேட்சை முடிச்சுட்டா. அதனால மெடிக்கல் புக்ல யாரும் எதும் எழுதல. திரும்பி வரும்போது பஸ்ல ரெண்டு தடவ வாமிட். நான்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். லெஃப்ட் சைடு பாத்தா எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது அவளுக்கு. ஆறு மாசம் ரிங்குக்குள்ள போகவே கூடாதுன்னு சொன்னாங்க."

"பொறவு எதுக்கு இறங்கினா?"

"இந்த வருஷம் நேஷனல்ஸ் போகலன்னா ஜாப்புக்கு அப்ளை பண்ண ஏஜ் முடிஞ்சிரும். அவங்க வீட்ல வேற யாருக்கும் நிரந்தர வேலை இல்லப்பா. பிப்ரவரிலேருந்து ஞாயித்துக்கிழமை டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போறேன். அதான் உங்க நாப்பது கிலோமீட்டர்."

"நீ ஆட்டத்துலேந்து விலகிருக்கலாம்லா?"

"விலகினா ஏன்னு கேப்பாங்க. செமியில யாரும் அவ தலையில அடிக்கல, லக். ஃபைனல்ல நானா இருந்தா தலையில அடிக்காம இருக்கலாம்னு தோணுச்சு."

சம்பந்தம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தவறு யாருடையது என்று தெளிவாகிவிட்ட மாதிரி அவருக்குத் தோன்றியது. "நோயை மறைச்சுட்டு ஆடினது அவ தப்பு. அதுக்கு நீ எதுக்குட்டி எச்சரிக்கை வாங்கணும்? நம்ம வீட்டுக்கும் இதுக்கும் என்ன?"

ரோகிணி எழுந்து போய், ஜனவரியிலிருந்து திரும்பிப் பார்க்காத அந்தச் சுவரிலிருந்து சுற்றறிக்கையைக் கழற்றிக் கொண்டு வந்தாள். டப்பாவுக்குப் பக்கத்தில் நாலாவது சாம்பிளாக வைத்தாள்.

"ஃபர்ஸ்ட் லைன் படிங்க அப்பா."

அவர் படிக்கவில்லை. அது அவருக்கு மனப்பாடம்.

"இது நான் எழுதினதுன்னு அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும். நானே சொல்லிட்டேன். ஃபர்ஸ்ட் ஒரு வாரம் பேசல. அப்புறம் பேசினா."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மகளின் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து சனத்நகர் போகும்போது கூட அந்த மனுஷனுக்குச் சந்தேகம் முழுசாக விடவில்லை. பெண்ணுக்கு அடிபட்டது நிஜமா? அல்லது தான் இன்னொரு கடிதம் எழுதிவிடக் கூடாது என்று இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய கதையா? மடியில் டப்பா இருந்தது. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று மங்கை அதில் முறுக்கு நிரப்பித் தந்திருந்தாள். சம்பந்தம் முன்பக்கம் எட்டி எட்டி மீட்டரைப் பார்த்துக்கொண்டு வந்தார். பத்தொன்பதரை கிலோமீட்டர். அந்தக் கணக்கில் மட்டும் பொய் இல்லை.

பட்டறைகள் ஞாயிறு விடுமுறையில் மூடிக் கிடந்தன. பின்பக்கத்து வரிசை வீடுகளில் மூன்றாவது வீடு. அப்பா அம்மா உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். ஷர்மிளாதான் கதவைத் திறந்தாள். ரோகிணியைப் பார்த்துச் சிரித்தவள், பின்னால் நின்றவரைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். உள்ளே சுவர் ஆணியில் நேற்று வாங்கிய தங்கப் பதக்கம் தொங்கியது.

"அம்மா குடுத்த டப்பா" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, சம்பந்தம் அதை நீட்டினார். வேண்டுமென்றேதான் செய்தார். அவளுடைய இடது பக்கமாக, கொஞ்சம் தள்ளி நீட்டினார்.

ஷர்மிளா பார்த்தாள், கையை நீட்டினாள், பிடித்தாள். அவள் விரல்கள் மூடிய இடத்தில் டப்பா இல்லை. ஒரு சாண் தள்ளி அவர் கையில் இருந்தது.

சம்பந்தம் முப்பத்தோரு வருஷம் எத்தனையோ விரிசலைக் கண்டுபிடித்தவர். டப்பாவை அவள் கைக்கு நேராக நகர்த்தக் கூட அவருக்குத் தோன்றவில்லை. ரோகிணி அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அவர் என்ன செய்தார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஷர்மிளா கூச்சத்தோடு சிரித்தாள். இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இந்தத் தடவை டப்பாவைச் சரியாக வாங்கினாள். "ஒரு கண்ண மூடிக்கிட்டா கரெக்டா வரும் அங்கிள்" என்றாள் தெலுங்கில்.

அவர் உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அந்தக் கடுதாசிய எழுதினது நான்தான்மா" என்றார். தெலுங்கு மறந்து தமிழிலேயே வந்துவிட்டது. ரோகிணி திருப்பிச் சொல்ல வாயெடுத்தாள். ஷர்மிளா வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"இப்பவும் எழுதப் போறீங்களா?" என்று கேட்டாள். நின்ற இடத்திலிருந்து அவள் பதக்கத்தைப் பார்க்கவில்லை, ஆனால் ஒரு கை பின்னால் போய் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. "எழுதாதீங்க அங்கிள். இன்னும் ஒரே ஒரு போட்டி. நேஷனல்ஸ்ல நான் என் பழைய ஆட்டத்தையே ஆடிடறேன். பக்கத்துலயே போக மாட்டேன். ஓடினா என்னை யாராலயும் தொட முடியாது. உங்களுக்கே தெரியுமே, நீங்கதானே டைம் பாத்தீங்க."

"ஓட விடுவாங்களாம்மா?" என்றார் சம்பந்தம்.

அங்கே இருந்த மூன்று பேருக்கும் பதில் தெரியும். மூன்றாவது முறை எச்சரிக்கை வருவதற்குள் இவள் மறுபடி நடுவில் போய் நிற்பாள். எதிரே நிற்பவள் ரோகிணியாக இருக்க மாட்டாள்.

"நான் எழுதத்தாம்மா போறேன்" என்றார் அவர், இந்தத் தடவை தெலுங்கில், மெதுவாக. "மறைச்சு வெச்சா உன் கண்ணு போயிரும். ஆனா உன்னைப் பத்தி எழுதறதுக்கு முன்னாடி என்னைப் பத்தி எழுதறேன். உன்னை அந்த நடுவுல நிக்க வெச்சது என் கடுதாசின்னு எழுதறேன். இது ஆட்டத்துல பட்ட அடி, குணமாகுற வரைக்கும் வேலைக்கு மனுப் போடுற தேதியத் தள்ளி வைக்கணும்னு கேக்கறேன். குடுக்கற வரைக்கும் கேக்கறேன். எனக்கு நினைவூட்டல் எழுதத் தெரியும்."

"உங்க லெட்டர் போனா அவ இடத்துல என்னைப் போடுவாங்க அப்பா" என்றாள் ரோகிணி. "எனக்கு நக்கோ, வேண்டாம். நான் போக மாட்டேன். மகளுக்காக எழுதினார்னு எல்லாரும் சொல்லுவாங்க."

"போறதும் போகாததும் உன் இஷ்டம். அத நீ எழுது. உன் கடுதாசிய நான் பார்க்கக் கூட மாட்டேன்."

ஷர்மிளா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் கோபம் வந்தது, போனது, மறுபடி வந்தது. இவர் பேச்சை எப்படி நம்புவது என்று அவள் யோசித்திருக்கலாம். யோசிக்க அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

"போன தடவ நான் ஓடினேன்னு எழுதினீங்க" என்றாள். "இந்தத் தடவ அதுக்கு என்ன எழுதுவீங்க?"

"ஓட விட்டிருக்கணும்னு எழுதுவேன்."

அவள் பதக்கத்தை விட்டுவிட்டு உள்ளே போய், அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய பழுப்பு உறையை எடுத்து வந்தாள். ஸ்கேன் படமும் டாக்டர் சீட்டும் அதில் இருந்தன. நீட்டும்போது, அவர் கை எங்கே இருக்கிறது என்று பார்க்க அவள் ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது. சம்பந்தம் எழுந்து, அவள் தேட வேண்டாதபடி வலது பக்கமாக வந்து நின்று வாங்கிக்கொண்டார்.

ரோகிணி அப்பாவையே கவனித்துக்கொண்டிருந்தாள். உறையைத் திறந்து பெயரையும் தேதியையும் சரிபார்க்கப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் திறக்கவில்லை. அப்படியே கைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.